மீன் போட்ட பொந்தை

ஒரு மழைக்காலம் முழுக்க எங்கள் வீட்டில் ஒரே பேச்சுதான்: பொந்தைக்கு என்ன டிசைன் போடுவது. ஒட்டுத்துணிகளை இணைத்துத் தைக்கும் கனமான போர்வையைத் தெலுங்குக்காரர்கள் அப்படித்தான் சொல்வார்கள். சுரங்கக்காரர்களுக்காக வரிசை வரிசையாகக் கட்டிய லைன் வீடுகளில், எங்களுக்குப் பக்கத்து லைனில் அவர்கள் இருந்ததால் எங்கள் வாயிலும் அந்தச் சொல்லே ஒட்டிக்கொண்டது. அம்மா பெங்களூரில் கார்மென்ட்ஸில் வேலை செய்தாள். விடிவதற்குள் மாரிகுப்பத்தில் ரயில் ஏறினால் திரும்பி வர இருட்டிவிடும். துணி வெட்டும் மேசையில் மிஞ்சுகிற துண்டுகளை சூப்பர்வைசரிடம் கேட்டு வாங்கி வருவாள். அவற்றைச் சதுரம் சதுரமாக நறுக்கி இணைத்து, பொந்தைக்கு ஒரு மேல்துணி தைத்து முடித்திருந்தாள். அது அத்தைக்குப் பிறக்கப்போகும் குழந்தைக்கு.

அத்தை, அப்பாவின் தங்கை. அடுத்த லைனில் மாமாவோடும் மாமியாரோடும் இருந்தாள். கல்யாணமாகி வெகுகாலம் கழித்து இந்தக் குழந்தை. இதற்கு முன் இரண்டு முறை உண்டாகியும் தங்கவில்லை. இதை யாரும் என்னிடம் சொன்னதில்லை. குரலைத் தாழ்த்திப் பேசினால் ஏழு வயதுப் பெண்ணின் காதில் எதுவும் விழாது என்று எங்கள் வீட்டுப் பெரியவர்களுக்கு ஒரு நம்பிக்கை.

எனக்கென்று சொல்லப்பட்டது வேறு. பையனாகப் பிறந்தால் அவன்தான் எனக்கு மாப்பிள்ளை. "இன்னா மருமவளே, உன் மாப்பிள்ளை உதைக்கிறான், வந்து இன்னா வேணும்னு கேளு" என்று அத்தை என் கையை இழுத்து வயிற்றில் வைத்துக்கொள்வாள். இன்னும் பிறக்கவே இல்லாத மாப்பிள்ளையைப் பற்றி எனக்கு உயர்ந்த அபிப்பிராயம் எதுவும் இல்லை. ஆனால் பொந்தையின் மேல் ஒரு கண் இருந்தது.

பிறக்காத குழந்தைக்கு எதையும் முழுசாக முடித்து வைக்கக் கூடாது என்பது எங்கள் ஜனங்களின் வழக்கம். தொட்டில் வாங்க மாட்டார்கள், சட்டை தைக்க மாட்டார்கள். அம்மா அதற்கு ஒரு வழி கண்டுபிடித்திருந்தாள். மேல்துணி மட்டும் இருந்தால் அது பொந்தை ஆகாது. நடுவில் பழைய சேலை வைத்து, அடியில் இன்னொரு துணி கொடுத்து, மூன்றையும் சேர்த்து ஓட்டுத் தையல் போட்டால்தான் பொந்தை. அதைப் பிறந்த பிறகு செய்துகொள்ளலாம். அந்தத் தையல் எந்த வழியில் ஓட வேண்டும் என்ற டிசைனை மட்டும் இப்போதே பார்த்து வைப்பதில் தப்பில்லை. அத்தையின் மாமியார் இதை ஒப்புக்கொள்ளவில்லை. வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஞாயிற்றுக்கிழமை ஆனால் அத்தை வந்துவிடுவாள். மேல்துணியைக் கட்டிலில் விரித்து, டெய்லர் சாக்பீஸால் கோடு போட்டுப் பார்ப்பார்கள். ஒரு வாரம் மாங்காய். அடுத்த வாரம் அலை அலையாக. அதற்கடுத்த வாரம் குறுக்கும் நெடுக்குமாகக் கட்டம். மாமா ரயிலில் கூட வருகிறவர்களிடமெல்லாம் விசாரித்து போனில் படங்கள் சேர்த்துக்கொண்டு வருவார். இறகு, சங்கு, ரோஜாப்பூ என்று வெளிநாட்டுப் போர்வைகளாக இருக்கும். எல்லாவற்றையும் காட்டிவிட்டு, கடைசியில் தன் கட்சி நேர்கோடு என்பார்.

"நேரா இழுத்துனு போனா முடிஞ்சிது. கொயந்த இன்னா டிசைனையா பாக்கப் போவுது? நனைக்கத்தானே போவுது."

அத்தை எல்லாவற்றையும் ஆசை ஆசையாகப் பார்ப்பாள். இதுதான் என்பாள். டீ குடித்து முடிப்பதற்குள் மனசு மாறி, கோட்டைக் கையால் தட்டி அழித்துவிடுவாள். அம்மாவுக்கு வாரத்தில் இருந்தது அந்த ஒரு லீவு நாள்தான். அதுவும் இப்படியே போயிற்று. "சாக்பீஸ் தேச்சி தேச்சியே துணி வெளுத்துடும்போல கீது. ஏதாச்சும் ஒண்ண சொல்லேம்மா" என்பாள். "இன்னும் நாள் கீதே அண்ணி, இன்னா அவசரம்?" என்பாள் அத்தை. அவளுக்கு அவசரமே இல்லாததைப் பார்த்தால் எனக்கு எரிச்சலாக வரும்.

என்னையும் ஒரு தடவை கேட்டார்கள். மீன் என்றேன். அப்போதுதான் பேத்தமங்களா ஏரிக்குப் போய்வந்திருந்தோம், எனக்கு மீனைத் தவிர வேறு நினைப்பில்லை. எல்லோரும் சிரித்தார்கள். மாமா மட்டும், மீன் என்றால் குழம்பு வைக்கலாமே என்றார். அந்தச் சிரிப்பை நான் மறக்கவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அத்தை மறுபடியும் அலைக்கு வந்து, மறுபடியும் அழித்தாள். பிறகு பெரியவர்கள் பின்பக்கம் உட்கார்ந்து டீ குடிக்கப் போனார்கள். இவர்களால் முடியாது, நாம்தான் முடிக்க வேண்டும் என்று எனக்குப் பட்டது. பள்ளிக்கூடப் பையிலிருந்து நீலப் பேனாவை எடுத்தேன். சதுரத்துக்கு ஒன்றாக மீன் வரைந்தேன். கண் வைத்தேன், சிலவற்றுக்கு மீசையும் வைத்தேன். அவர்கள் திரும்பி வந்தபோது துணி முழுக்க ஏரியாகியிருந்தது.

"இன்னாடி பண்ணி வெச்சிருக்கே!" என்று அம்மா முதுகில் ஒன்று வைத்தாள். எலுமிச்சம்பழம், உப்பு, சோப்புத்தூள் எல்லாம் போட்டுத் தேய்த்தாள். மை கொஞ்சம் வெளிறியதே தவிர, மீன்கள் போகவில்லை. மாமா விழுந்து விழுந்து சிரித்தார். அத்தை ஈரத்துணியை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தாள். அப்புறம் அவளும் சிரித்துவிட்டு, "வுடுங்க அண்ணி, மீனே இருக்கட்டும்" என்றாள். நான் வாங்கிய அடி வீண் போகவில்லை.

அது நடந்து சில வாரங்களில், ஒரு காலை அத்தையைக் காரில் கோலார் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார்கள். திரும்பி வந்தபோது வயிறு இல்லை, குழந்தையும் இல்லை. பாப்பா சாமிகிட்ட போயிட்டான் என்று அம்மா சொன்னாள். நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. எங்கள் ஊரில் காலையில் போகிறவர்கள் எல்லோரும் ராத்திரி ரயிலில் திரும்பி வருகிறவர்கள்தான்.

பிறகு ஒருநாள் அத்தையின் மாமியார் எங்கள் வீட்டுக்கு வந்தார். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை. "இவ மையாலயே போட்டு முடிச்சி வெச்சிட்டா இல்ல? நான் அன்னிக்கே வேணாம்னேன்" என்றார். அம்மா தலையைக் குனிந்துகொண்டாள். அத்தை திரும்பி வந்த பிறகு என் மீன்களைப் பற்றிப் பேசிய முதல் ஆள் அவர்தான் என்று எனக்கு ஒரே சந்தோஷம். "ஆமா, நாந்தான் முடிச்சேன்" என்றேன். இதை எழுதும்போதுகூட எனக்கு உடம்பு கூசுகிறது. அம்மா என்னைக் கையைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொண்டு போனாள். அன்று என்னை அடிக்கவும் இல்லை, திட்டவும் இல்லை. மேல்துணியை மடித்து டிரங்குப் பெட்டியின் அடியில் வைத்துப் பூட்டினாள்.

மாமியார் சொன்னது அதற்குள் குழாயடி வரைக்கும் போயிருந்தது. அந்த ஞாயிற்றுக்கிழமை அத்தை வந்து மேல்துணியைக் கேட்டாள். "வேணாம்மா, கெடக்கட்டும்" என்றாள் அம்மா. அத்தை விடவில்லை. நடுவில் வைக்கத் தன் பழைய சேலை ஒன்றைக் கொண்டு வந்திருந்தாள். மூன்று துணியையும் சேர்த்துக் குண்டூசி குத்திக்கொண்டு, வீட்டுக்குள் உட்காராமல் லைன் முனையில், குழாயடிக்குப் பக்கத்தில் பாயைப் போட்டு உட்கார்ந்தாள். தண்ணீர் வரும் நேரம். இரண்டு லைன் பெண்களும் குடத்தோடு நின்றார்கள், அவளுடைய மாமியாரும் நின்றார். அத்தை யாரையும் பார்க்காமல், என் பேனாக் கோட்டின் மேலேயே, மீன் மீனாகத் தைத்துக்கொண்டு போனாள். மீசையைக்கூட விடவில்லை.

யாருக்கு இது என்று குடத்தோடு நின்ற ஒருத்தி மெதுவாகக் கேட்டாள்.

அத்தை என்னைப் பிடித்து இழுத்து மடியில் உட்கார வைத்துக்கொண்டாள். குழாயடி முழுக்கக் கேட்கும்படி சொன்னாள்: "இவளுக்குத்தான். மொதல்லேர்ந்தே இவளுக்குன்னுதான் தெச்சது. பாப்பாவுக்குன்னு நாங்க ஒண்ணுமே செய்யல."

இப்படிப் பச்சையாக ஒரு பொய்யைப் பெரியவள் ஒருத்தி எல்லோர் முன்னாலும் சொல்கிறாளே என்று எனக்கு ஆச்சரியமாக இருந்தது. என்னை எதற்கு இவ்வளவு இறுக்கிப் பிடித்திருக்கிறாள் என்றும் தெரியவில்லை. உண்மையைச் சொன்னால் பொந்தை கைவிட்டுப் போய்விடும். அதனால் நானும் ஆமாம் என்று தலையாட்டினேன்.