கடைசிப் பக்கத்துக்குப் போகவிருந்த பெயர்

அவள் என் மணிக்கட்டைப் பிடித்த பிடிதான் முதலில் நினைவுக்கு வருகிறது. எட்டாம் வகுப்பு, மூன்றாவது பெஞ்சு, கணக்குப் பாடம் நடந்துகொண்டிருந்தது. விரல்கள் சில்லிட்டிருந்தன. இருந்த இடத்தைவிட்டு அசையாமல் தலையை மட்டும் என் பக்கம் சாய்த்து, "புள்ள, டீச்சர்கிட்டச் சொல்லு புள்ள. பாவாடையெல்லாம் நனைஞ்சு போச்சு. எனக்கு என்னமோ ஆயிப்போச்சு" என்றாள். தமிழில் சொன்னாள். ஹனூர்ப் பக்கம் கௌதள்ளி என்ற தமிழ் பேசும் ஊரிலிருந்து மைசூருக்கு வந்து, ஹாஸ்டலில் சேர்ந்து இரண்டு மாதம்கூட ஆகாத பெண். கன்னடம் நன்றாக எழுதுவாள். பயந்துவிட்டால் மட்டும் வாயில் தமிழ்தான் வரும். பலகையிலிருந்து திரும்பிய டீச்சர், என்ன சொல்கிறாள் அவள் என்று என்னைக் கேட்டார். நான் எழுந்து நின்று, "கொத்தில்ல மிஸ்" என்றேன். தெரியாது மிஸ்.

டீச்சர் அவளையும் எழுந்து நிற்கச் சொன்னார். நின்றாள். பின் பெஞ்சில் முதலில் ஒருத்தி சிரித்தாள், அப்புறம் அது வரிசை வரிசையாக முன்னால் வந்தது. டீச்சர் கெட்டவர் இல்லை. ரத்தக் கறை கண்ணில் பட்டதும் ஓடி வந்து, தன் சேலைத் தலைப்பால் அவளை மூடி வெளியே அழைத்துப் போனார். ஆனால் அறுபது பேர் பார்த்தது பார்த்ததுதான். அந்த வாரக் கடைசியிலேயே அவள் அப்பா வந்து, பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு அவளைக் கூட்டிப் போய்விட்டார். படிப்பு அத்தோடு சரி.

எங்கள் வீட்டில் தமிழ்தான், பிறந்ததிலிருந்து. காவிரித் தண்ணீர்ப் பேச்சு சூடாகும் நாட்களில் அப்பா வாசலில் நின்று எங்களை எண்ணிப் பார்த்துவிட்டு, "நம்ம பாஷை செருப்பு மாதிரி இல்ல, வாசல்ல விட்டுட்டுப் போனா யாரும் எடுத்துட்டுப் போக மாட்டாங்க. விட்டுட்டுப் போங்க" என்பார். அவர் பயத்துக்குக் காரணம் இருந்தது. நான் பள்ளியில் கன்னடப் பெண்ணாகவே வளர்ந்தேன். யாருக்கும் சந்தேகம் வந்ததில்லை. அன்றைக்கு நான் சொன்னதற்கு அப்பாவைக் காரணம் காட்டலாம்தான். ஆனால் அந்த நிமிஷத்தில் அப்பா எனக்கு நினைவிலேயே இல்லை. அவளோடு சேர்த்து என்னையும் பார்ப்பார்களே என்றுதான் இருந்தது.

இது நடந்து எத்தனையோ வருஷம் கழித்து, பழைய மாணவிகள் சங்கத்தில் வேலை செய்ய ஆள் வேண்டும் என்றபோது நானாகவே கையைத் தூக்கினேன். எனக்கு மனிதர்களோடு பேசப் பிடிக்கும். மைசூரிலேயே தேவராஜ மொஹல்லாவில் எங்களுக்கு மஞ்சள் குங்குமக் கடை. பேசாமல் அங்கே பிழைக்கவும் முடியாது. ஹனூர்ப் பக்கத்திலிருந்து கல்யாணச் சாமான் வாங்க வரும் ஒரு பெரியவர், பேரம் பேசாமல் எடுத்துக்கொண்டால், "இன்னைக்கு வாய்க்கு லீவுங்க" என்று சிரிப்பார். இந்த மாதிரிப் பேச்சுகளைச் சேர்த்து வைப்பதற்காகவே தமிழ் எழுத்தைக் கற்றுக்கொண்டேன். பள்ளியில் படித்தது இல்லை. பொட்டலம் மடிக்க வாங்கிய பழைய வாரப் பத்திரிகைகளில் எழுத்துக் கூட்டிக் கூட்டி வந்தது.

சங்கத்தில் எனக்குக் கொடுத்த வேலை, எங்கள் வகுப்பில் தொடர்பு விட்டுப்போனவர்களைத் தேடிப் பிடிப்பது. செயலாளர் அன்றைய வகுப்பு லீடர். இன்றும் அவளை லீடர் என்றுதான் கூப்பிடுகிறோம். "போன் எடுக்காதவ கோபக்காரி, நம்பர் மாத்தினவ மாமியாருக்குப் பயந்தவ. ரெண்டு பேரையும் விடாதே" என்று கன்னடத்தில் எனக்கு உத்தரவு. நான் விடவில்லை. துபாயில் இருந்தவளைப் பிடித்தேன். மூன்று ஊர் மாறியவளைப் பிடித்தேன். பட்டியலில் ஒரே ஒரு பெயருக்கு எதிரே மட்டும், 'தகவல் இல்லை' என்று மூன்று வருஷமாக எழுதிக்கொண்டு வந்தேன். இரண்டு மாதம் படித்தவள்தானே என்று யாரும் கேட்கவில்லை. தேடியதாக எல்லோரும் நம்பினார்கள். ஒரு போன்கூட நான் போட்டிருக்கவில்லை.

இந்த வருஷம் விழா மலர் போடுகிறோம். கடைசிப் பக்கத்தில் குத்துவிளக்குப் படம், அதன் கீழே காலமானவர்களின் பெயர்கள். பக்கங்களைப் பிரிக்கும்போது லீடர், "கிடைக்காம போனது ஒருத்திதான். அவளுக்குன்னு தனியா ஒரு தலைப்பு போட்டா நல்லா இருக்காது. இருக்காளோ இல்லையோ, இதே பக்கத்துல போட்டுடலாம்" என்று விளக்கின் கீழே அவள் பெயரையும் எழுதினாள். சாதாரணமாகத்தான் எழுதினாள். ஒரு வாரம் டைம் கொடு என்று கேட்டு வந்தேன்.

ஒரு வாரம் தேவைப்படவில்லை. மறுநாள் கௌதள்ளியிலிருந்து கடைக்கு வந்த ஒரு அம்மாளிடம் பெயரைச் சொன்னேன். "அது எங்க சின்னம்மாங்க" என்று போனை எடுத்து நம்பரைச் சொல்லிவிட்டார். மஞ்சள் நிறுத்து முடிப்பதற்குள் வேலை முடிந்தது. இத்தனை காலம் அந்த ஊர்க்காரர்கள் என் கடைப் படி ஏறி இறங்கிக்கொண்டுதான் இருந்தார்கள்.

மத்தியானம் கடையில் கூட்டம் இல்லாத நேரமாகப் பார்த்துக் கூப்பிட்டேன். பள்ளிக்கூடத்தின் பெயரைச் சொல்லி, மூன்றாவது பெஞ்சில் பக்கத்தில் உட்கார்ந்தவள் என்றேன்.

"அட, கன்னடத்துப் புள்ள. நீங்களா?" குரலில் அவ்வளவு சந்தோஷம். "தமிழ் இவ்வளவு நல்லாப் பேசறீங்களே, எங்க கத்துக்கிட்டீங்க?"

நான் வாயைத் திறப்பதற்குள் அவளே அந்த நாளைத் தொட்டாள். சிரித்துக்கொண்டே சொன்னாள். "எங்கம்மா சாகற வரைக்கும் திட்டுச்சுங்க, அத்தனை பொம்பளப் புள்ளைங்கள்ல ஒருத்திக்குமா வாயில்லைன்னு. பாஷை தெரியாதவங்க மேல கோவிச்சுக்க முடியுமா, பாவம், அவங்களுக்கு என்ன புரிஞ்சிருக்கும்னு நாந்தான் சமாதானம் சொல்லுவேன். எம் மகளுக்கும் அதைச் சொல்லித்தானுங்க கன்னடம் பேசப் பழக்கினேன்."

கடையில் கத்துக்கிட்டேன் என்று ஒரு வார்த்தை போதும். அதில் பாதி உண்மையும் இருக்கிறது. அவள் தனக்காகக் கட்டி வைத்திருந்த சமாதானமும் இடியாமல் நிற்கும்.

"எங்க வீட்ல தமிழ்தாங்க. சின்ன வயசுல இருந்தே" என்றேன்.

அந்தப் பக்கம் மாடு ஒன்று கத்தியது. யாரோ அதை அதட்டினார்கள்.

"அப்ப அன்னைக்கு..." என்றாள்.

"எல்லாம் புரிஞ்சுதுங்க."

வைத்துவிட்டாள் என்றுதான் நினைத்தேன். இல்லை, மூச்சு கேட்டது. திட்டினால் வாங்கிக்கொள்ளலாம் என்று காத்திருந்தேன். "சரிங்க" என்றாள். முதலில் பேசிய குரல் இல்லை அது. "மக வந்துட்டா. வைக்கறேன்."

அவளுக்காகச் சொன்னேனா எனக்காகச் சொன்னேனா என்று அன்றிலிருந்து கேட்டுக்கொண்டிருக்கிறேன். என்னிடம் ஒரு பழைய பாரம் இருந்தது. அதை இறக்கி வைக்க இடம் தேடி, அவள் மடியில் வைத்துவிட்டு வந்தேனோ என்று வேலை நடுவில் கை நின்றுவிடுகிறது.

போன் பேசிய அன்றைக்குச் சாயங்காலமே லீடர் கூப்பிட்டாள். இருக்கிறாள், நம்பர் கிடைத்தது என்றேன். விளக்கின் கீழிருந்து பெயரை அடித்துவிட்டதாக உடனே சொன்னாள். அந்த மட்டுக்கும் நிம்மதி.

"விழாவுக்கு வர்றாளா?"

"கேக்கலை."

"அதைக் கேக்கத்தானே போன் பண்ணினே?"

"சரி, நாளைக்குக் கேட்டுச் சொல்லு. சாப்பாட்டுக்கு எத்தனை பேர்னு சொல்லணும்" என்று லீடர் வைத்துவிட்டாள். லீடர் சொன்ன அந்த 'நாளைக்கு' வந்து போய்ப் பதினோரு நாள் ஆகிறது. கௌதள்ளிக்கு நான் இன்னும் போன் போடவில்லை.