தொப்பித் திருடனுக்கு இரண்டு ஹாரன்

பாப்ளர் மரங்கள் முடிந்து மையவாடித் திருப்பம் வந்ததும் ஓட்டுநர் பெய்ஷென் ரேடியோவைக் குறைக்கிறார். வேனில் இருக்கும் பதினைந்து பேரும் உள்ளங்கைகளை ஏந்தி, இடுகாட்டு மேட்டில் உறங்குகிறவர்களுக்காக ஒரு துஆவை முணுமுணுத்து, முகத்தைத் தடவிக்கொள்கிறார்கள். ஓட்டுநர் மட்டும் அதைச் செய்வதில்லை. அவர் ஹாரனை அடிக்கிறார், குட்டையாக இரண்டு தரம். பக்கத்து வீட்டுச் சிநேகிதனைச் சாப்பிட வாடா என்று வேலிக்கு இந்தப் பக்கமிருந்து கூப்பிடுகிற மாதிரி. பிறகு ரேடியோவைக் கூட்டிவிட்டு, கியரை மாற்றிப் போய்க்கொண்டே இருக்கிறார்.

சாரி-புலாக்குக்கும் கோச்கோருக்கும் இடையே போக வர ஒரு நாளைக்கு நான்கு நடை. நான்கு நடைக்கும் எட்டு ஹாரன். புதிதாக மாற்றலாகி வந்த ஓர் ஆசிரியை முதல் நாளே முகம் சுளித்தாள். செத்தவர்கள் படுத்திருக்கிற இடத்தில் இப்படிச் செய்யலாமா என்று கேட்டாள். பெய்ஷென் கண்ணாடியில் அவளைப் பார்த்து, "அங்க என் குர்தாஷ் படுத்திருக்கான்மா" என்றார். ஒரே ஆண்டில் பிறந்தவர்கள் ஒருவருக்கொருவர் குர்தாஷ். குர்தாஷ் என்ன கேலி செய்தாலும் பொறுத்துக்கொள்ள வேண்டும். கோபித்துக்கொண்டவனைத்தான் ஊர் சிரிக்கும். அந்த உரிமை மையவாடி மேட்டோடு முடிந்துவிடும் என்று யாரும் சொன்னதில்லை.

ஆள் உயரம் குறைவு, தோள் அகலம். அறுபது வயது. வெள்ளைக் கம்பளியில் உயரமாகத் தைத்த கல்பாக் தொப்பியை ஓட்டும்போதும் கழற்ற மாட்டார். அது கூரையில் இடித்து இடித்து உச்சி மழுங்கிவிட்டது. கோடையிலும் ஃபிளாஸ்கில் உப்புப் போட்ட பால் தேநீர். யாரிடமும் உரக்கப் பேசத் தெரியாத மனிதர். நல்ல ஓட்டுநர் என்பார்கள், நல்ல தகப்பன் என்பார்கள், ஆனால் கதை சொல்லத் தெரியாதவர் என்பதில் இந்தத் தடத்தில் இரண்டு கருத்து கிடையாது. சொல்லாமலாவது இருக்கலாம். அதுவும் முடியாது.

"ஒரு நாள் தொக்தொசுன் சந்தையில கழுதை விக்கப் போனான்" என்று ஆரம்பிப்பார். "இல்ல, இரு. அதுக்கு முந்தி அந்தக் கழுதைக்குக் காது கேக்காதுன்னு சொல்லணும். இல்ல, அதை இப்ப சொல்லக் கூடாது, கடைசியிலதான்..." அதற்குள் அவருக்கே சிரிப்பு வந்துவிடும். தோள் குலுங்கும். கண்ணில் நீர் வரும். வேன் கோச்கோர் சந்தைக்குள் நுழைந்துவிடும். பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காகிற கதை. கழுதை என்ன ஆயிற்று என்று தெரியாமலே ஜனங்கள் பையைத் தூக்கிக்கொண்டு இறங்குவார்கள். ஆனாலும் பத்து வருஷமாகத் துண்டு துண்டாகக் கேட்டுக் கேட்டு, வழக்கமாக வருகிறவர்களுக்கு, மேட்டில் படுத்திருக்கும் அந்தக் குர்தாஷ் தொக்தொசுனின் கதைகள் எல்லாமே பாடம்.

அவர்கள் மொழியில் தொக்தோ என்றால் நில். தொக்தொசுன் என்றால் நிற்கட்டும். முதல் மூன்று பிள்ளைகளும் தொட்டிலைத் தாண்டாமல் போனதால், நாலாவதாவது பூமியில் நிற்கட்டும் என்று பெற்றவர்கள் வைத்த பெயர் அது. பெயரை வாங்கிக்கொண்டவனுக்கோ அது ஆயுளுக்கும் ஒரு விளையாட்டுச் சாமானாகிவிட்டது. இருபது வயதில், நிறுத்தமே இல்லாத இடத்தில் சாலையோரம் நின்றுகொண்டு, வருகிற பஸ்ஸைப் பார்த்து "தொக்தொசுன்!" என்று கத்துவான். பஸ் கிறீச்சிட்டு நிற்கும். எங்கே போகணும் என்று ஓட்டுநர் கேட்பார். "எங்கயும் இல்லண்ணே. என் பேரைச் சொன்னேன். உங்க பேரு என்ன?" என்பான். ஒரு தரம் ஓட்டுநர் ஸ்பேனரோடு கீழே இறங்கிவிட்டார். வாய்க்காலுக்குள் ஒளிந்திருந்த பெய்ஷென் நடுங்கிப்போனார். ஆனால் ஐந்து நிமிஷத்தில் அந்த ஓட்டுநர் ஸ்பேனரை மடியில் வைத்துக்கொண்டு, சாலையோரத்தில் உட்கார்ந்து சிரிப்பில் வயிற்றைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

இருவருக்கும் கூட்டுப்பண்ணையின் லாரிப் பட்டறையில் வேலை. தொக்தொசுன் வாயால் வேலை செய்தான், பெய்ஷென் கையால் செய்தார் என்பார்கள். ஊரில் அவன் கேலி செய்யாத ஆள் இல்லை. ஆனால் எந்தக் கூட்டத்திலும் பெய்ஷெனை இழுத்துத் தன் பக்கத்தில்தான் உட்கார வைத்துக்கொள்வான். வாய் திறக்காத பையனுக்கு அதனால் ஊரில் ஓர் இடம் கிடைத்தது. சைராகுலை ஒன்றரை வருஷம் தூரத்திலிருந்தே பார்த்துக்கொண்டிருந்தவருக்கு அவளைக் கட்டிவைத்ததும் அவன்தான். நேராக அவளிடம் போய், "என் சிநேகிதன் ஒரு நேர்ச்சை பண்ணியிருக்கான். நீ பேசுற வரைக்கும் யார்கிட்டயும் பேச மாட்டானாம். ஆறு மாசமாச்சு, பாவம், பட்டறையில சைகையிலதான் ஸ்பேனர் கேக்கிறான்" என்று சொல்லிவிட்டு வந்தான். அவள் பேசினாள். இன்றைக்கு மூன்று பிள்ளைகள், ஐந்து பேரப்பிள்ளைகள். என்னிடம் இருக்கிறதில் பாதி அவன் விட்டுப்போனது என்று பெய்ஷென் தயங்காமல் சொல்லுவார்.

பெயர் பலிக்கவில்லை. இருபத்தைந்தாவது வயதில் ரத்தத்தில் ஏதோ நோய் என்றார்கள். தலைநகர ஆஸ்பத்திரியில் மூன்று மாதம். மனைவி புருல் பிள்ளைத்தாய்ச்சி. ஒரு மதியம் பெய்ஷென் பார்க்கப் போனபோது, ஜன்னல் வெயிலில் முகத்தை நீட்டிப் படுத்துக்கொண்டு அவன் ஒரு வேலை சொன்னான். அவர்கள் ஊரில், அடக்கம் செய்யுமுன் உடலை வைத்துக்கொண்டு கூட்டத்தைப் பார்த்து இமாம் ஒரு கேள்வி கேட்பார்: இவர் எப்படிப்பட்ட மனிதர்? கூட்டம் ஒரே குரலில் பதில் சொல்லும்: நல்ல மனிதர்.

"எல்லாரையும் அப்படித்தான்டா சொல்றானுங்க" என்றான் தொக்தொசுன். "போன மாசம் செத்தானே, மாமியார் பல்லை உடைச்சவன், அவனும் நல்ல மனுஷன்தான். மேல போனா ஒரே நல்ல மனுஷனுங்க கூட்டமா இருக்கும், என்னை எப்படிக் கண்டுபிடிப்பாங்க? நீ மட்டும் சத்தமா, தொப்பித் திருடன்னு சொல்லு. அப்பத்தான் அல்லாவுக்கு அடையாளம் தெரியும்."

தொப்பி விஷயம் உண்மை. பெய்ஷெனின் புதுக் கல்பாக்கைத் தன் கல்யாண போட்டோவுக்கென்று ஒரு நாள் இரவல் வாங்கினவன் திருப்பித் தரவே இல்லை. கேட்கும்போதெல்லாம் ஒரு காரணம் சொன்னான்: தொப்பி துக்கத்தில் இருக்கிறது, தொப்பிக்கு என்னை விட்டு வர மனமில்லை, தொப்பி படிக்கப் போயிருக்கிறது. பெய்ஷென் சரி சொல்லுகிறேன் என்று தலையாட்டினார். கையில் அடித்து வாக்கும் கொடுத்தார்.

ஆனால் அடக்கத்தன்று இமாம் கேட்டபோது எதிரில் நின்றது தொக்தொசுனின் அப்பா. நான்காவது பிள்ளையையும் மண்ணுக்குக் கொடுக்க வந்த மனிதர், கோலை ஊன்றிக்கொண்டு பெய்ஷெனின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பெய்ஷெனின் வாய் திறந்தது. ஊரோடு ஊராக, "நல்ல மனுஷன்" என்றது.

முப்பத்தைந்து வருஷமாகத் தொண்டையில் நின்ற முள் அதுதான். ஹாரன் அதற்காகத்தான். அதோடு இன்னொன்றும் உண்டு. வயது ஏற ஏற அவரைக் கேலி செய்கிறவர்கள் குறைந்துபோனார்கள். கூட ஓடித் திரிந்த குர்தாஷ்கள் ஒவ்வொருவராக மேட்டுக்குப் போய்விட்டார்கள். இப்போது அவர் நுழைந்தால் எல்லோரும் எழுந்து இடம் விடுகிறார்கள், விருந்தில் பெரியவருக்குரிய ஆட்டுத் தலையை அவர் முன்னால்தான் வைக்கிறார்கள். டேய் மடையா என்று கூப்பிட ஆளில்லை. பயணிகள் இறங்குமிடத்தில் "தொக்தோ" என்று குரல் கொடுக்கும்போது மட்டும் அவருக்குப் பழைய ஞாபகம். ஒரு நாளைக்கு நாற்பது தரம் செத்தவன் பேரைக் கேட்டால் மனுஷனுக்குப் பித்துப் பிடிக்கும் என்று சைராகுல் சொல்லிப் பார்த்தாள். "பிடிக்காம இருக்கிறதே அதாலதான்" என்றுவிட்டார்.

இந்த வசந்தத்தில் ஒரு பெண் கோச்கோரில் ஏறினாள். முப்பத்து நாலு, முப்பத்தைந்து வயது. தலாஸ் பக்கத்துப் பேச்சு. ஓட்டுநருக்குப் பின் இருக்கையில் உட்கார்ந்து, தன்னை அக்மரால் என்று சொல்லிக்கொண்டாள், தொக்தொசுனின் மகள். அப்பா போய் இரண்டு மாதம் கழித்துப் பிறந்தவள். புருல் பிறந்தகத்தோடு போய் வேறு கல்யாணம் செய்துகொண்டாள். மாற்றுத் தகப்பன் குறைவைக்காமல் வளர்த்தார். அம்மா போன வருஷம் இறந்துவிட்டாள். இப்போது அப்பாவின் கபருக்குப் புதுக் கல் நட வந்திருக்கிறாள். கோச்கோரில் நான்கு வீட்டில் விசாரித்தாளாம், ஹாரன் அடிக்கிற டிரைவரைக் கேள் என்று நான்கு வீட்டிலும் சொன்னார்களாம்.

"எங்கப்பா எப்படிப்பட்ட மனுஷர் சித்தப்பா?"

அதே கேள்வி, அதே வார்த்தைகளில். நூறு கதைகளும் ஒரே வாசலில் முட்டிக்கொண்டு நின்றன. கழுதையிலிருந்து ஆரம்பிப்பதா, பஸ்ஸிலிருந்தா? சொதப்பிவிட்டால்? மற்றவர்களிடம் சொதப்பலாம், இந்தப் பெண்ணிடம் சொதப்பினால் அவள் தகப்பனே ஒரு சொதப்பலாகிவிடுவானே. வாய் தானாகத் திறந்தது.

"நல்ல மனுஷன்மா" என்றார்.

"எல்லாரும் அதைத்தான் சொல்றாங்க" என்றாள் அவள். நன்றி சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அன்று இரவுச் சாப்பாட்டில் அவர் தட்டில் கை வைக்கவில்லை. நடந்ததைக் கேட்ட சைராகுல், "என்னை உங்க தலையில கட்டிவெச்ச கதையையாவது சொல்லியிருக்கலாம்" என்றாள். நாளைக் காலை நடையில் அந்தப் பெண் திரும்பிப் போகிறாள் என்பதை மட்டும் அவர் இரண்டு தரம் சொன்னார்.

காலையில் அக்மரால் அதே இருக்கையில் வந்து உட்கார்ந்தாள். வேன் நிரம்பக் காத்திருந்த நேரத்தில், அப்பாவை நான் பார்த்தது இது ஒன்றில்தான் என்று தோளுக்கு மேலாகப் போனை நீட்டினாள். கல்யாண போட்டோ. புருல் கூச்சத்தோடு நிற்கிறாள். பக்கத்தில் ஒல்லியாக ஒருவன், தலையில் சற்றே பெரிய வெள்ளைக் கல்பாக்.

பெய்ஷென் போனை வாங்கிக் கண்ணுக்குக் கிட்டே கொண்டுவந்தார்.

"அது என் தொப்பி" என்றார்.

அவளுக்குப் புரியவில்லை. அவர் முழுசாகத் திரும்பி உட்கார்ந்தார்.

"உங்கப்பன் ஒரு தொப்பித் திருடன்மா. இந்தத் தொப்பியை ஒரு நாளைக்குன்னு வாங்கினான். இன்னிவரைக்கும் தரல." வேன் முழுக்கக் கேட்கிற குரலில், அவர் ஜன்மத்தில் பேசியிராத குரலில் சொன்னார். பிறகு சாவியைத் திருகினார்.

அடுத்த அரை மணி நேரம் அந்த வேனில் நடந்ததை அந்தத் தடத்தில் இன்னும் பேசிக்கொள்கிறார்கள். பெய்ஷென் தொப்பியில் ஆரம்பித்து ஆஸ்பத்திரிக்குத் தாவினார். பின்னாலிருந்து ஒரு மாவுக் கடைக்காரர், அதை அப்புறம் சொல்லுங்க, முதலில் நேர்ச்சையைச் சொல்லுங்க என்றார். நேர்ச்சையின் நடுவில் அவர் சிரிக்க ஆரம்பித்ததும், சைகையில் ஸ்பேனர் கேட்டதை அந்த ஆசிரியை முடித்துவைத்தாள். செவிட்டுக் கழுதை அன்றுதான் முதல் தடவையாக விற்றுப்போனது. பஸ்ஸை நிறுத்திய கதையை மட்டும் யாரையும் விடாமல் அவரே சொன்னார். வாய்க்கால், ஸ்பேனர், "உங்க பேரு என்ன" வரைக்கும், ஒன்றும் தவறாமல்.

வேன் சிரித்தது. அக்மரால் சிரிக்கவில்லை. அந்தப் பஸ் ஓட்டுநர்கிட்ட அப்பா சரியாக என்ன சொன்னார் என்று ஒரு தரம் திருப்பிக் கேட்டாள். அவர் திருப்பிச் சொன்னார். அவள் தலையாட்டிவிட்டு வெளியே பார்க்க ஆரம்பித்தாள். வழக்கம் போலக் கெடுத்துவிட்டேன் என்று பெய்ஷென் நினைத்துக்கொண்டார். ஆனாலும் சொல்ல வேண்டியதைச் சொல்லியாகிவிட்டது. தொண்டை லேசாக இருந்தது. அந்த மட்டுக்கும் அந்தப் பெண் வந்தாளே என்று மனசு குளிர்ந்திருந்தது.

பாப்ளர் மரங்கள் முடிந்தன. ரேடியோவைக் குறைத்தார். பின்னால் உள்ளங்கைகள் விரிந்து எழுந்தன. அவர் கை ஹாரனுக்குப் போன அதே நொடியில் பின் இருக்கையிலிருந்து ஒரு குரல், கணீரென்று:

"தொக்தொசுன்!"

கால் பிரேக்கை மிதித்துவிட்டது. வேன் கிறீச்சிட்டு, ஓரத்துப் புழுதியில் இறங்கி நின்றது. யாருக்கும் அடிபடவில்லை என்று பார்த்துக்கொண்டு, பதறிப்போய்த் திரும்பினார்.

"இங்கயா இறங்கணும்மா?"

"இல்ல சித்தப்பா" என்றாள் அக்மரால். முகத்தை அசையாமல் வைத்துக்கொண்டிருந்தாள். கன்னம் மட்டும் நனைந்திருந்தது. "எங்கப்பா பேரைச் சொன்னேன். உங்க பேரு என்ன?"

பெய்ஷென் முன்னால் திரும்பினார். தோள் குலுங்க ஆரம்பித்தது. மெல்லக் குனிந்து நெற்றியை ஸ்டீரிங்கின் நடுவில் வைத்துக்கொண்டார். மேட்டைப் பார்த்து ஹாரன் நீளமாக அலறிக்கொண்டே இருந்தது. அவர் தலையைத் தூக்கவில்லை.