பாய் பெயரில் வந்தவருக்கு பாய் பெயர்

கம்ப்யூட்டர் திரையின் உச்சியில் முகவரி தெரியும் அந்த வெள்ளைப் பட்டையை நினைத்தால், அதன்மேல் அழுந்தி நின்ற பாயின் விரல்தான் எனக்கு முதலில் ஞாபகம் வரும். தொண்ணூறுகளின் கடைசி. காந்திபுரத்து மாடியறை ஒன்றில் வெப்சைட் செய்துகொடுத்துக்கொண்டிருந்தோம். அது என்ன என்று கேட்பவர்களுக்கு நாளெல்லாம் விளக்கினாலும் அலுக்காத வயசு எனக்கு.

கோட்டைமேட்டு பாயும் கோபிப் பக்கத்துக் கவுண்டரும் கூட்டாக பம்புசெட் கம்பெனி நடத்தினார்கள். ஒரே பம்பு, இரண்டு பெயர். ஈரோட்டில் கவுண்டர் வைத்த பெயர் ஓடும், பாலக்காட்டில் பாய் வைத்த பெயர். எந்தப் பெயரைக் கேட்டு ஆள் வருகிறாரோ, பில்லும் பெட்டியும் கடைசிவரை அந்தப் பெயரில்தான். அது அவர்களுக்குள் இருந்த பேச்சு. அதனால் வெப்சைட்டுக்கும் இரண்டு பெயர் வாங்கினோம். ஒவ்வொன்றின் முன்னாலும் பம்ப், மோட்டார், ஸ்பேர் என்று ஒட்டிய கிளை முகவரிகள். எந்தப் பெயரில் போனாலும் திறப்பது அதே பக்கங்கள்.

பார்க்க வந்த பாய், தன் பெயரை ஒற்றை விரலால் தட்டினார். பக்கம் வந்ததும் முகமெல்லாம் பல். 'மோட்டார்' என்பதை அமுக்கினார். பட்டையில் கவுண்டரின் பெயர் வந்து உட்கார்ந்தது. ஒரு கிளையிலிருந்து இன்னொன்றுக்குப் போக, இணைப்புக்குள் முழு முகவரியையும் நாங்கள் எழுதிவைக்க வேண்டும். எல்லா இணைப்பிலும் கவுண்டர் பெயரே எழுதப்பட்டிருந்தது.

"ஏனுங்கம்மணி, எம்பேரச் சொல்லித்தானுங்க உள்ள வந்தேன். பாலக்காட்டுக்காரரு இதப் பாத்தா, பாய் கம்பெனியக் கைமாத்திப்போட்டாருன்னு நெனச்சுக்குவாருங்களே" என்றார். குரலில் கோபமே இல்லை. விரல் மட்டும் கண்ணாடியை விட்டு நகரவில்லை.

எல்லாப் பக்கத்துக்கும் பாய் பெயரில் இன்னொரு பிரதி போட்டுவிடலாம் என்றார் எங்கள் மேனேஜர். விலை மாறினால் ஒன்றில் மாற்றி மற்றதை மறந்துவிடுவோமே என்று யோசிக்கும்போதுதான் அவர்கள் பில் போடும் வழக்கம் மண்டையில் உறைத்தது. வந்தவர் எந்தப் பெயரைத் தட்டினார் என்று பக்கங்களை அனுப்பும் சர்வருக்குத் தெரியும். அதைக் கேட்டு, இணைப்புகளில் அந்தப் பெயரையே போடும் குட்டி புரோகிராம் ஒன்றை எழுதினேன். சாப்பாடே மறந்துபோனது. அது ஓடியதும் சந்தோஷத்தில் நான் துள்ளி எழ, நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்தது.

பாய் மறுபடி வந்தார். தன் பெயரில் நுழைந்து எங்கே சுற்றினாலும் பெயர் மாறவில்லை. நான் இருப்புக்கொள்ளாமல் நிற்க, அவர் எழவில்லை. "கவுண்டரு பேரும் இப்படியே நிக்குதுங்களா?" என்று கேட்டு, அதையும் தட்டி, ஒரு இணைப்பு விடாமல் அமுக்கிப் பார்த்தார். தன் பெயருக்கு எடுத்ததைவிட அதற்குத்தான் அதிக நேரம் எடுத்துக்கொண்டார்.

இப்போது போனில் அந்தப் பட்டை பாதி நேரம் மறைந்தே கிடக்கிறது. ஆனாலும் எந்த இணைப்பை அமுக்கினாலும் என் கண் மேலே போகும். அங்கே பாயின் விரல், கவுண்டரின் பெயருக்கு அடியில், எழுத்து எழுத்தாக நகர்ந்துகொண்டிருக்கும்.