எறும்பு எங்கே வருகிறது?

போன வருஷம் சித்திரை மாதம், அண்ணனூரில் எங்கள் வீட்டில் நடந்தது இது. என் தம்பிக்கு நாற்பது வயது. இருபது வயதில் மனநோய் வந்தது. காதில் யாரோ பேசுவதாகச் சொல்வான், சுவரைப் பார்த்துத் திட்டுவான். அப்பாவும் அம்மாவும் போன பிறகு என்னோடுதான் இருக்கிறான். மாத்திரையைத் தவறாமல் கொடுத்து, பல வருஷமாக அவனை அமைதியாக வைத்திருந்தேன். அதில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு. தம்பியை எப்படிப் பார்த்துக்கொள்கிறாள் பார் என்று தெருவில் யாராவது சொன்னால், அன்றைக்கு எனக்குச் சாப்பாடே வேண்டாம்.

அந்த மாதம் புதிதாக ஒன்றை ஆரம்பித்தான். "அக்கா, எறும்பு என்னியத் தேடிக்கினு வருதுக்கா." காலையில் சொன்னான், மதியமும் சொன்னான். பழையபடி ஆகிவிடுமோ என்று பயந்து, "ஒண்ணியும் இல்லடா, கம்முனு படு" என்று அடக்கினேன். சொம்பு சொம்பாகத் தண்ணீர் குடித்தான். வெயில் என்று நினைத்தேன். மாத்திரையால் ஊதியிருந்த உடம்பு இளைத்தது. அதற்குச் சந்தோஷப்பட்டேன் என்றால் நம்புவீர்களா? பக்கத்து வீட்டில் பெருமையாக வேறு சொல்லிக்கொண்டேன்.

ஆவடிப் பக்கம் ஒரு மருத்துவமனையில்தான் மாதாமாதம் மாத்திரை வாங்குவோம். தடியான ஃபைலை நான் நீட்டுவேன், டாக்டர் கேட்பதற்கெல்லாம் நானே பதில் சொல்வேன். அவன் ஃபேனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான். அதுதான் எங்கள் வழக்கம். இந்தத் தடவை மாத்திரையின் அளவைக் கூட்டித் தரச் சொல்லவேண்டும் என்று முடிவு செய்துகொண்டே போனேன்.

டாக்டர் அறைக்கு வெளியே ஒரு புது நர்ஸம்மா எடை பார்த்துக்கொண்டிருந்தார். என்ன பிரச்சினை என்று அவர் கேட்டதும் வழக்கம்போல நான் முந்திக்கொண்டேன். "எறும்பு வருது எறும்பு வருதுன்னு ஒரே ரோதனை சிஸ்டர். மறுபடியும் ஆரம்பிச்சிட்டான்."

அவர் ஃபைலில் இருந்த பழைய எடையைப் பார்த்தார். பிறகு என்னை விட்டுவிட்டு அவன் பக்கம் திரும்பினார்.

"எறும்பு எங்கண்ணா வருது?"

அவனை ஒருவர் அண்ணா என்று கூப்பிட்டு நான் கேட்டதே இல்லை. தம்பி சட்டை நுனியை முறுக்கிக்கொண்டே சொன்னான். "பாத்ரூம்லமா. நான் ஒண்ணுக்குப் போய்ட்டு வந்தா, அங்க மட்டும் மொய்ச்சிக்கினு கீது."

மூத்திரத்தில் சர்க்கரை போனால் எறும்பு மொய்க்கும் என்று நர்ஸம்மாவுக்குத் தெரிந்திருந்தது. அவன் விரலில் குத்தி ஒரு சொட்டு ரத்தம் எடுத்தார். சர்க்கரை பார்க்கும் மிஷினில் எண்ணே வரவில்லை. அளவுக்கு மேல் என்று மட்டும் காட்டியது. அப்போதே அட்மிட் செய்தார்கள். இன்னும் நாலு நாள் விட்டிருந்தால் மயங்கி விழுந்திருப்பான், பிழைப்பதே கஷ்டம் என்றார் டாக்டர். இந்த மாதிரி மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்குச் சர்க்கரை வரலாம், அவ்வப்போது ரத்தம் சோதிக்கவேண்டும் என்றும் சொன்னார்.

மாற்றுத்துணி எடுக்க வீட்டுக்கு வந்தவள் பாத்ரூம் கதவைத் திறந்தேன். ஓரமாக, கருப்பாக எறும்புக் கூட்டம். தினமும் ஃபினாயில் ஊற்றிக் கழுவுகிறவள் நான்தானே, நானும் பார்த்திருக்கிறேன். அதை அவன் பேச்சோடு சேர்த்துப் பார்க்கத்தான் எனக்குத் தோன்றவில்லை. அங்கேயே உட்கார்ந்து அழுதேன்.

இப்போது சாப்பாட்டுக் கட்டுப்பாடும் சர்க்கரை மாத்திரையுமாகத் தம்பி நன்றாக இருக்கிறான். டாக்டர் கேட்டால் அவனே பதில் சொல்கிறான். நான் வாயை மூடிக்கொண்டிருப்பதுதான் பெரும்பாடு! போன மாதம் "கால் எரியுதுக்கா" என்றான். ஒண்ணியும் இல்லடா என்று வாய்வரை வந்துவிட்டது. விழுங்கிக்கொண்டு, "எங்கடா, காட்டு" என்று அவன் காலருகே தரையில் உட்கார்ந்தேன். இத்தனை வருஷத்தில் அவன் எத்தனை தடவை நிஜத்தைச் சொல்லி, நான் மாத்திரையைக் கொடுத்துத் தூங்கவைத்தேனோ என்ற நினைப்பு மட்டும் இன்னும் என்னை விட்டுப் போகவில்லை.