இடது பக்கம் இடம் இருக்கு, அண்ணாச்சி

1. பூ மூட்டை

ராஜபாளையம் சாலையில் டெஸ்ட் டிரைவ் போய்க்கொண்டிருந்தபோது, காரின் இடது பக்கக் கண்ணாடி ஒரு மொபெட்டில் கட்டியிருந்த பூ மூட்டையில் உரசியது. மொபெட்காரர் தடுமாறி, காலை ஊன்றி நின்றுவிட்டார். நல்லவேளை, விழவில்லை. திரும்பிப் பார்த்தேன். எங்களை நோக்கிக் கையை ஆட்டித் திட்டிக்கொண்டிருந்தார்.

ஸ்டியரிங்கில் இருந்த ஜெபராஜ் அண்ணாச்சி, "என்ன சத்தம் வே?" என்று கேட்டார்.

அவர் அசட்டையாக ஓட்டவில்லை. நேரே பார்த்து, நிதானமாகத்தான் ஓட்டினார். அப்படி ஒரு மொபெட் சாலையில் இருந்ததே அவருக்குத் தெரியவில்லை.

"ஒண்ணுமில்ல அண்ணாச்சி, செடி உரசிருக்கும்" என்றேன்.

பத்தொன்பது வருடமாகக் கார் விற்கிறேன். மூன்று வாரத்தில் வண்டி வந்துவிடும், இந்தக் கலர் இனிமேல் கிடைக்காது என்று எத்தனையோ பொய் சொல்லியிருக்கிறேன். சொன்ன மறுநிமிடம் மறந்தும் போயிருக்கிறேன். இந்தப் பொய் மட்டும் சாப்பிட்டது செரிக்காத மாதிரி நெஞ்சிலேயே நின்றது.

இப்போது எங்கள் சங்கரன்கோவில் கிளையில் புதிதாகச் சேர்ந்திருப்பவர்கள், "மிட்சைஸ் எஸ்யுவிக்கு எந்த வேரியன்ட், எந்த இன்ஜின்னு கஸ்டமருக்கு எப்படி சார் சொல்றது?" என்று கேட்கிறார்கள். பிரோஷரில் இருப்பதை நீங்களே படித்துக்கொள்ளலாம். அதில் இல்லாததைத்தான் நான் எழுதுகிறேன்.

2. வெள்ளை டீசல்

சின்னக் காரிலிருந்து பெரிய வண்டிக்கு மாறுகிறவருக்கு முதல் பயம் இடது பக்கம்தான். பானட் உயரம், அகலம் கூடுதல், எங்கே இடிக்குமோ என்று வலது பக்கமே ஒதுங்கி ஓட்டுவார். அதனால் டெஸ்ட் டிரைவில் நாங்கள் இடது சீட்டில் உட்கார்ந்துகொண்டு வாயை மூடவே மாட்டோம். "இடது பக்கம் இடம் இருக்கு, போங்க. நிறைய இடம் இருக்கு. கொஞ்சம் வலது, அவ்வளவுதான்." ஐந்து கிலோமீட்டர் இப்படியே பேசினால், இறங்கும்போது கஸ்டமர், "பெரிய வண்டி மாதிரியே தெரியலையே" என்பார். பாதி புக்கிங் அங்கேயே முடிந்துவிடும். இதை யாரும் எங்களுக்குப் பயிற்சி வகுப்பில் சொல்லித்தரவில்லை. எல்லாரும் செய்கிறோம்.

ஜெபராஜ் அண்ணாச்சிக்குத் திருவேங்கடம் ரோட்டில் ஹார்டுவேர் கடை. பைப்பு, பெயின்ட், மோட்டார் எல்லாம் உண்டு. வயது ஐம்பத்தெட்டு. அவர் மனைவி கிரேஸ் டீச்சர் மேலநீலிதநல்லூரில் ஒரு பள்ளியில் வேலை பார்க்கிறார், தினமும் ஸ்கூட்டரில் போய் வருகிறார். மகளை நாகர்கோவிலில் கட்டிக்கொடுத்திருக்கிறார்கள். அவளுக்கு ஆறாவது மாதம்.

"அடுத்த மாசம் பிள்ளையக் கூட்டிட்டு வரணும். பழைய வண்டியில குலுங்கக் குலுங்கக் கொண்டாற முடியாது" என்றார் அண்ணாச்சி. "டீசல் குடும். மேனுவல். டாப் எண்ட். நானே ஓட்டிட்டுப் போயிக் கூட்டிட்டு வாரேன்."

டீச்சர் பின் சீட்டில் இருந்தார். நான் அவரிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கலர் பற்றிக் கேட்கும்போதுதான் வழக்கமாக வீட்டம்மாக்களிடம் திரும்புவோம். இங்கே, விற்காத வண்டிகள் நிற்கும் யார்டில், அவர் கேட்டது ஒரே கலரில்தான் இருந்தது. அதனால் அதையும் கேட்கவில்லை.

முறைப்படி பார்த்தால் டீசல் அவருக்கு ஆகவே ஆகாது. இப்போதைய டீசல் வண்டிகளில் புகைக் கரியைப் பிடித்துவைக்கிற ஃபில்டர் ஒன்று இருக்கிறது. வண்டி நெடுஞ்சாலையில் நீளமாக ஓடிச் சூடேறினால்தான் அந்தக் கரி எரியும். கடைக்கும் வீட்டுக்கும் இரண்டு கிலோமீட்டர், ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்கு ஒரு நடை என்று ஓட்டினால் அடைத்துக்கொள்ளும். டாஷ்போர்டில் லைட் எரியும். சர்வீஸுக்கு வந்து நம்மைத் திட்டுவார்கள், திட்டுவதும் நியாயம்தான்.

ஆனால் யார்டில் ஒரு வெள்ளை டீசல், மேனுவல், எல்லா வசதியும் உள்ள டாப் எண்ட், நான்கு மாதமாக நின்றது. கிளை மேனேஜர் சேகர் தினமும் காலையில் அதைப் பார்த்துவிட்டுத்தான் என்னைப் பார்ப்பார். "வே, அது யார்டுல வேர் புடிச்சிட்டு. மாசக் கடைசிக்குள்ள யார் தலையிலயாவது கட்டிரும்." கேட்டு வருகிறவரே அதையே கேட்கும்போது ஃபில்டரைப் பற்றி வகுப்பு எடுக்க எனக்கு என்ன பைத்தியமா?

புக்கிங் ஃபாரத்தில் கையெழுத்துப் போடப் பேனா வைத்தேன். மேஜையில் அவருக்கு இடது பக்கம் வைத்தேன். அவர் கையால் துழாவினார். பிறகு முகத்தை முழுதாகத் திருப்பினார், அப்புறம்தான் பேனாவைக் கண்டார்.

பார்த்துவிட்டேன். ஃபாரத்தை வாங்கி ஃபைலில் வைத்தேன்.

3. இருப்புக் கொள்ளவில்லை

டெலிவரிக்கு ஒன்பது நாள் இருந்தது. அந்த நாட்களில் நான் ஒரு இடத்தில் உட்காரவில்லை. டீ குடிக்கப் போய் டீயை வைத்துவிட்டு வருவேன். வேறு கஸ்டமரிடம் சன்ரூஃப் திறந்து காட்டிக்கொண்டிருக்கும்போது பூ மூட்டை நினைவுக்கு வரும். மூன்று நாள் காலையில் பூ மார்க்கெட்டுக்குப் போய் அந்த மொபெட்காரரைத் தேடினேன். கண்டுபிடித்தால் என்ன சொல்லியிருப்பேன் என்று எனக்கே தெரியாது. மார்க்கெட்டில் எல்லா மொபெட்டிலும் பூ மூட்டைதான்.

ஒரு மத்தியானம் யார்டுக்குப் போய் அந்த வெள்ளை டீசலில் டிரைவர் சீட்டில் உட்கார்ந்தேன். கர்ச்சீப்பால் இடது கண்ணைக் கட்டிக்கொண்டேன். மூக்குக்கு அந்தப் பக்கம் எதுவும் இல்லை. இடது கண்ணாடியைப் பார்க்கக் கழுத்தை முழுதாகத் திருப்ப வேண்டியிருந்தது. திருப்பினால் முன்னால் சாலை போய்விடுகிறது. இந்த வண்டியில் மாசமாக இருக்கிற மகளைப் பின்னால் உட்காரவைத்து, திருநெல்வேலி தாண்டி நான்குவழிச் சாலையில், நாகர்கோவிலிலிருந்து அவர் கூட்டி வரப்போகிறார். கர்ச்சீப்பை அவிழ்த்துக்கொண்டு இறங்கி நேராக மேனேஜரிடம் போனேன்.

"அண்ணாச்சிக்கு ஒரு கண்ணு சரியில்ல சார்."

"நீரு கண்ணு டாக்டரா?"

"இல்ல சார்."

"லைசன்ஸ் இருக்கா அவருக்கு? இருக்கு. பிறகென்ன? டாப் எண்ட்ல சுத்திக் கேமரா இருக்குல்லா. இண்டிகேட்டர் போட்டா இடது பக்கம் பூராவும் ஸ்கிரீன்ல வந்துரும். சொல்லப்போனா அவருக்குன்னே செஞ்ச வண்டி வே அது."

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், இரண்டு நிமிடம் நான் அதை நம்பினேன். நம்புவதற்கு அவ்வளவு வசதியாக இருந்தது. பிறகுதான் உறைத்தது. பூ மூட்டைக்காரர் நாம் இண்டிகேட்டர் போடும் நேரம் பார்த்தா வருவார்?

4. டீச்சர் வந்தார்

மறுநாள் சாயங்காலம் பள்ளி விட்டதும் கிரேஸ் டீச்சர் தனியாக வந்தார். ஆதார், பான் நகல்களை என் மேஜையில் வைத்தார். போகாமல் நின்றார்.

"தம்பி, அன்னைக்கு டெஸ்ட் டிரைவ்ல இடம் இருக்கு, இடம் இருக்குன்னு சொல்லிக்கிட்டே வந்தீங்கள்லா?"

"ஆமா டீச்சர். எல்லாருக்கும் சொல்றதுதான்."

"அதத்தான் நான் எட்டு மாசமா சொல்லிட்டு இருக்கேன்" என்றார். "ஆட்டோ வருது, சைக்கிள் வருது, ஓரமா நாய் கெடக்குன்னு. சுகர். இடது கண்ணு போயிட்டு. திருநெல்வேலி டாக்டர் ஓட்டக்கூடாதுன்னு சொல்லிட்டாவ. வெளியில தெரிஞ்சா கேவலம்னு இவுக மூச்சு விடல. மககிட்ட கூடச் சொல்லல."

நான் அவரை உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை.

"அந்தப் பூ மூட்டைய நான் பாத்தேன். நீங்களும் பாத்தீங்க. செடின்னு சொன்னீங்க."

எனக்கு முகம் சுட்டது. அவர் குரலை உயர்த்தவே இல்லை. உயர்த்தியிருந்தால் தேவலை.

"நான் சொன்னா கேக்க மாட்டாவ தம்பி. பயந்தாங்கொள்ளிம்பாவ. இந்த வண்டியில என் மக வரணும்."

"டீச்சர், உங்களுக்கு லைசன்ஸ் இருக்கா?" என்று கேட்டேன். இதை முதல் நாளே கேட்டிருக்க வேண்டும்.

"ரெண்டு வருசம் முன்ன டிரைவிங் ஸ்கூல்ல எடுத்தேன். கிளட்ச் வரமாட்டேங்கு. சீட்டும் பள்ளமா இருக்கும், பானட் தெரியாது. விட்டுட்டேன்."

அவர் ஐந்தடிக்கும் குறைவு. அதையும் அன்றைக்குத்தான் கவனித்தேன்.

5. பேசாத டெஸ்ட் டிரைவ்

சனிக்கிழமை அண்ணாச்சியை இன்னொரு டெஸ்ட் டிரைவுக்குக் கூப்பிட்டேன். பெட்ரோல் ஆட்டோமேட்டிக், நடு வேரியன்ட், டெமோ வண்டி. "சும்மா ஓட்டிப் பாருங்க அண்ணாச்சி, நாளைக்கு ஆட்டோமேட்டிக் எடுத்திருக்கலாமேன்னு தோணக்கூடாது" என்றேன். டீச்சரை இடது சீட்டில் உட்காரச் சொல்லிவிட்டு நான் பின்னால் ஏறினேன். டிரைவிங் ஸ்கூல் வண்டி மாதிரி இதில் இடது பக்கமும் பிரேக் கிடையாது என்பது அப்போதுதான் மண்டையில் ஏறியது. அதனால் ஊரைத் தாண்டி, ஆளில்லாத நேர்ச்சாலை வரை நானே ஓட்டிப் போய், அங்கே சீட் மாறினோம்.

அண்ணாச்சி கிளப்பினார். நான் பேசவில்லை. டீச்சரும் பேசவில்லை. இப்படி இருப்போம் என்று நாங்கள் பேசி வைத்திருந்தோம்.

முதல் நிமிடம் அவர் சரளமாகத்தான் ஓட்டினார். பிறகு வேகம் முப்பதுக்கு வந்தது. பிறகு இருபது. கழுத்து இடமும் வலமும் திரும்ப ஆரம்பித்தது. இடது பக்கம் எதுவுமே இல்லை, வெறும் கரிசல் காடு. ஆனால் யாராவது சொல்லாமல் அது அவருக்குத் தெரியாது. அரைக் கிலோமீட்டர்கூடப் போயிருக்க மாட்டோம், வண்டியை நிறுத்திவிட்டார்.

"ஏன் வே பேசாம வாரீரு?"

"இன்னைக்குப் பேசக்கூடாதுன்னுதான் அண்ணாச்சி கூட்டிட்டு வந்தேன்."

அவர் மனைவி பக்கம் முகத்தை முழுதாகத் திருப்பினார். "நீயும் சேந்துதானா?"

டீச்சர் தலையை மட்டும் அசைத்தார்.

"அன்னைக்கு உரசுனது செடி இல்ல அண்ணாச்சி" என்றேன். "மொபெட். ஒரு ஆள் விழப் பாத்தாரு. நான் பொய் சொல்லிட்டேன். மன்னிச்சுக்கிடுங்க."

அவர் திட்டுவார் என்று காத்திருந்தேன். அவர் கதவைத் திறந்து இறங்கினார். வண்டியைச் சுற்றி வந்து, டீச்சர் பக்கக் கதவைத் திறந்து, "எறங்கு. அந்தப் பக்கம் போ" என்றார்.

டிரைவர் சீட்டில் டீச்சர் உட்கார்ந்ததும் ஸ்டியரிங்குக்கு மேல் நெற்றிதான் தெரிந்தது. சீட் ஓரத்தில் இருந்த லிவரை நான்கு முறை மேலே இழுக்கச் சொன்னேன். சீட் உயர்ந்தது. "பானட் தெரியுதா டீச்சர்?" என்றேன். "தெரியுது" என்றார். அந்த லிவர் பேஸ் வேரியன்டில் கிடையாது. டாப் எண்டில் சன்ரூஃபும் பெரிய ஸ்கிரீனும் கூடுதலாக உண்டு, அவருக்கு அது வேண்டியதில்லை. அவருக்கு வேண்டியது ஒரு லிவர், கிளட்ச் இல்லாத கியர், ரிவர்ஸ் கேமரா. அது நடு வேரியன்ட். குறைந்த ஓட்டத்துக்குப் பெட்ரோல். பத்தொன்பது வருட அனுபவத்தில் நான் சரியாகத் தேர்ந்தெடுத்த வேரியன்ட் இது ஒன்றுதானோ என்று சில நாள் தோன்றும்.

6. டெலிவரி

டீசல் புக்கிங் ரத்தானதும் மேனேஜர் என்னோடு பன்னிரண்டு நாள் பேசவில்லை. அந்த வெள்ளை வண்டியை அடுத்த மாதம் வாசுதேவநல்லூர் கான்ட்ராக்டர் ஒருவர் எடுத்தார். தினமும் திருநெல்வேலி போய் வருகிறவர். அது அவருக்குப் பொருத்தமான வண்டி.

பெட்ரோல் ஆட்டோமேட்டிக் வர ஏழு வாரம் ஆனது. அதற்குள் மகளை வாடகைக் காரில், டிரைவர் வைத்துக் கூட்டி வந்துவிட்டார்கள். டீச்சர் அந்த ஏழு வாரமும் டிரைவிங் ஸ்கூல் வண்டியில் காலையில் ஓட்டிப் பழகினார்.

இப்போது யார் வந்தாலும் மைலேஜுக்கும் பட்ஜெட்டுக்கும் முன்னால், ஓட்டப்போவது யார் என்று கேட்கிறேன். "நான்தான்" என்று ஒருவர் சொன்னால் அவர் பக்கத்தில் நிற்பவர் முகத்தைப் பார்க்கிறேன். டெஸ்ட் டிரைவில் முதல் ஒரு கிலோமீட்டர் நான் பேசுவதில்லை. ஆளில்லாத சாலையில்தான் ஸ்டியரிங்கைக் கொடுக்கிறேன். இதனால் எனக்குச் சில புக்கிங் போயிருக்கிறது. போகட்டும். நீங்களும் அப்படியே செய்யுங்கள்.

டெலிவரி அன்று போதகர் வந்து ஜெபம் செய்தார். மேனேஜர் அட்டையில் செய்த பெரிய சாவியைக் கொடுத்துப் போட்டோ எடுத்தார். மகள் நிறைமாதமாகப் பின் சீட்டில் ஏறி உட்கார்ந்தாள். அண்ணாச்சி பழக்கத்தில் வலது பக்கக் கதவுக்குப் போய், கைப்பிடியில் கை வைத்துவிட்டார். கொஞ்ச நேரம் அப்படியே நின்றார். பிறகு கையை எடுத்துக்கொண்டு வண்டியைச் சுற்றி வந்து இடது பக்கம் ஏறினார்.

நான் குனிந்து, "வசதியா இருக்கா அண்ணாச்சி?" என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாதோ என்று உடனே பதறினேன்.

அவர் என்னைப் பார்க்கவில்லை. ஸ்டியரிங்கைப் பிடித்திருந்த டீச்சரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எட்டு மாசமா இவ என் எடப்பக்கம் உக்காந்து வந்தா. சத்தம் மட்டுந்தான் கேக்கும்" என்றார். "இங்கன உக்காந்தா மொகம் நல்லாத் தெரியுது வே."