பேச்சுக்கு மூன்று மார்க்

பேச்சுக்குப் பத்து மார்க் என்று மார்க் ரிஜிஸ்டரில் ஒரு கட்டம் உண்டு. ஒவ்வொரு பிள்ளையையும் ஆங்கிலத்தில் பேசவிட்டு, கேட்டுப் போட வேண்டிய மார்க் அது. மைசூரில் நான் ஆங்கிலம் நடத்திய பள்ளியில் ஒருவரும் கேட்டதில்லை. எழுத்தில் முப்பது என்றால் பேச்சுக்கு மூன்று, அறுபது என்றால் ஆறு. ஸ்டாஃப் ரூமில் டீ ஆறுவதற்குள் ஒரு வகுப்பை முடித்துவிடுவோம். எழுத வராதவளுக்குப் பேச மட்டும் எப்படி வரும் என்பார் தலைமையாசிரியை. நானும் அதை நம்பினேன். நம்புவது சௌகரியமாக இருந்தது.

ஒன்பதாம் வகுப்பில் ஒரு பெண். அப்பா தருமபுரிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்த கொத்தனார். எழுத்தில் அவள் முப்பத்தொன்று. பேச்சுக்கு நான் மூன்று போட்டேன். பாஸாக இரண்டும் சேர்த்து முப்பத்தைந்து வேண்டும்.

ஃபெயில் என்றதும் அப்பா சிமெண்ட் காய்ந்த கையோடு ஆபீசுக்கு வந்தார். தலைமையாசிரியைக்குத் தமிழ் தெரியாது. எனக்குத் தாய்மொழியே அதுதான். ஆனால் காவிரித் தகராறுக்குப் பிறகு பள்ளியில் நான் தமிழில் வாய் திறப்பதில்லை. அதனால் அந்தப் பெண்ணையே அப்பாவுக்குச் சொல்லச் சொன்னார்கள்.

தலைமையாசிரியை ஆங்கிலத்தில் பொரிந்து தள்ளினார். அவள் ஒன்றுவிடாமல் தமிழில் சொன்னாள்.

"எனக்கு இங்கிலீசுல ஒரு வரி பேச வராதாம்ப்பா. ஒரு மார்க்கு கம்மியாம். மறுபடி ஒம்பதாவதே படிக்கணுமாம்."

"மறுபடியுமா? அதுக்கு எங்கூடச் சித்தாளா வந்துரு." பிறகு கேட்டார். "ஏங்கண்ணு, பேச வராதுங்கறாங்களே, இந்தம்மா சொன்னது பூரா உனக்கு எப்படிப் புரிஞ்சுது? கேளு."

அவள் கேட்டாள். ஆங்கிலத்தில், 'மேடம்' போட்டு, தவறில்லாமல்.

"சும்னிரு!" என்று கன்னடத்தில் அடக்கினார் தலைமையாசிரியை. என் பக்கம் திரும்பி, "திமிரைப் பார்த்தீர்களா?" என்றார்.

ரிஜிஸ்டர் என் மடியில் இருந்தது. பேனா கையில் இருந்தது. மூன்றை நான்காக்கினால் தீர்ந்தது. ஒருத்திக்குத் திருத்தினால், மற்றவர்களுக்கு எப்படிப் போட்டாய் என்ற கேள்வி வரும். நான் பேனாவை மூடினேன்.

ஜூனில் பள்ளி திறந்தபோது அவள் வரவில்லை. அந்த வருடம் ஒவ்வொரு பிள்ளையையும் கூப்பிட்டு, பேசவிட்டு, கேட்டு மார்க் போட்டேன். நல்ல டீச்சர் என்று பெயர்கூட வாங்கினேன். அதனால் அவளுக்கு என்ன? அவள் செங்கல் சுமக்கப் போய்விட்டாள்.