இந்தக் கிறிஸ்துமஸுக்குக் குடித்த ஒயின்கள்

நான் டைல்ஸ் ஒட்டுகிறவன். படிப்பு எட்டாவதோடு நின்றது. ஊர் ஆவூர்ப் பக்கம். எங்கள் பக்கத்துக் கிறிஸ்தவ வீடுகளில் கிறிஸ்துமஸுக்கு முன்னால் தரையை மாற்றுவார்கள், சுவருக்கு வெள்ளையடிப்பார்கள், ஒயின் போடுவார்கள். மூன்றும் ஒரே சமயத்தில் நடக்கும். அதனால் டிசம்பரில் எனக்கு இரண்டு வேலை. பகலில் தரை. வேலை முடிந்து கைகால் கழுவினதும் வீட்டம்மா ஒரு கிளாஸ் கொண்டுவந்து நீட்டுவார்கள். குடித்துவிட்டு எப்படி இருக்கிறது என்று சொல்ல வேண்டும். முதல் வேலைக்குக் கூலி உண்டு.

பிராந்தி, பீர் எனக்குப் பழக்கமில்லை. பிராந்தியில் ஆஸ்பத்திரி வாசனை அடிக்கும். ஒயின் அப்படியில்லை. திராட்சையைக் கழுவி, ஈரம் போகக் காயவைத்து, நசுக்கி, சர்க்கரையும் கொஞ்சம் கோதுமையும் பட்டை கிராம்பும் சேர்த்துப் பீங்கான் ஜாடியில் போடுகிறார்கள். வாயை வெள்ளைத் துணியால் கட்டுகிறார்கள். தினமும் மரக்கரண்டியால் கிண்டுகிறார்கள். எல்லா வீட்டிலும் அதே சாமான்தான். ருசி மட்டும் வீட்டுக்கு வீடு வேறு. ஏன் என்று எனக்கு இன்றுவரை பிடிபடவில்லை. பிடிபடாததால்தான் ஆசையும் விடவில்லை.

ருசி சொல்ல என்னிடம் மூன்று வார்த்தை உண்டு. ‘சரி’ என்றால் சுமார். ‘பரவாயில்லை’ என்றால் நன்றாக இருக்கிறது. ‘குடிக்கலாம்’ என்றால் அதற்கு மேல் என்னிடம் சொல் கிடையாது. ஒயின் கெட்டுப்போயிருந்தால் தண்ணீர் கேட்பேன். சாப்பாட்டுக்கும் இதே கணக்குதான். ‘சாப்பிடலாம்’ என்று என் மனைவியிடம் ஒரே ஒரு தடவை சொல்லியிருக்கிறேன். அன்றைக்கு அயிரை மீன் குழம்பு. வருகிறவர்களிடம் எல்லாம் அதை இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

இந்தத் தடவை எனக்குப் பிடித்தவற்றைச் சொல்கிறேன்.

கீரனூரில் ஒரு ரிட்டயர்டு டீச்சர் வீடு. சமையலறைத் தரை. டீச்சர் கிராம்பை அள்ளிப் போட்டிருந்தார். முதல் வாயில் பல் பிடுங்கிக்கொண்டு வந்த மாதிரி மரத்துப்போனது. அது அடங்கினதும் அடியில் நல்ல பன்னீர் திராட்சை இருந்தது. சரி என்றேன். சரி என்றால் எத்தனை மார்க் என்று கேட்டார். பாஸ் என்றேன். அவருக்குச் சந்தோஷம். இன்னொரு கிளாஸ் ஊற்றினார். இரண்டாவதற்கு வாய் ஏற்கனவே மரத்திருந்ததால் நன்றாக இருந்தது.

ஆலங்குடிப் பக்கம் என்னோடு வேலை செய்கிறவன் வீட்டில் முந்திரிப்பழ ஒயின். கோடையில் போட்டு வைத்தது. முந்திரிப்பழம் தொண்டையைப் பிடிக்கும். அவன் மனைவி அந்தக் காறலை எப்படியோ எடுத்திருந்தாள். முழுவதும் எடுக்கவில்லை. அந்த மிச்சம்தான் ருசி. நிறம் மட்டும் வெளிர் மஞ்சள். கண்ணாடி கிளாஸில் பார்த்தால் லேபுக்குக் கொடுக்கிற சமாசாரம் மாதிரி இருந்தது. கண்ணை மூடிக்கொண்டு குடித்தேன். பரவாயில்லை.

கப்பலில் வேலை பார்த்துவிட்டு வந்த ஒருவரின் புது வீட்டில் ஹாலுக்குத் தரை போட்டேன். அவர் வெளிநாட்டு பாட்டில் ஒன்று வைத்திருந்தார். வாயில் தக்கை. திறக்கிற சாமான் கப்பலிலேயே தங்கிவிட்டது. நான் தக்கையில் ஒரு ஸ்க்ரூவை முறுக்கி, கட்டிங் பிளேயரால் பிடித்து இழுத்தேன். வந்துவிட்டது. கிளாஸைச் சுற்றி, மோந்து பார்த்து, அப்புறம்தான் குடிக்க வேண்டும் என்று அவர் செய்து காட்டினார். சுற்றினோம். மோந்தோம். குடித்தோம். இனிப்பே இல்லை. அவர் ஆகா என்றார். கொஞ்ச நேரம் கழித்துத் திரும்பிப் பார்த்தால், சுவர்ப் பக்கம் நின்று சர்க்கரை போட்டுக் கலக்கிக்கொண்டிருந்தார். நான் சர்க்கரை இல்லாமலேயே முடித்தேன். முதலில் துவர்ப்பு. பிறகு நாக்கில் வெகு நேரம் ஏதோ நின்றது. பரவாயில்லை.

கிளாஸைச் சுற்றுகிற பழக்கம் அதற்கப்புறம் ஒட்டிக்கொண்டது. மீமிசலில் ஒரு பாய் வீட்டில் பாத்ரூம் வேலை. அங்கே ஒயின் ஏது. நன்னாரி சர்பத் கொடுத்தார். அதையும் சுற்றி மோந்தேன். பூச்சி கீச்சி கிடக்கிறதா என்று கேட்டு பாய் வாங்கிக் கொட்டிவிட்டு வேறு கொண்டுவந்தார்.

இனி சொல்லப்போவதுதான் எல்லாவற்றிலும் பெரிய ஒயின். அதில்தான் வம்பும் வந்தது.

எனக்கு ஒரே மகள். திருச்சியில் நர்சு. விராலிமலைப் பக்கம் ஒரு மாப்பிள்ளையைப் பற்றி எங்கள் மாதா கோயில் உபதேசியார் சொன்னார். கம்பெனியில் மெஷின் ஓட்டுகிறவர். பையனும் பெண்ணும் போனில் பேசினார்கள். பிடித்துவிட்டது. இந்த இடம் என்றால் கட்டிக்கொள்கிறேன், இல்லையென்றால் இப்போதைக்கு வேறு பார்க்க வேண்டாம் என்று மகள் அம்மாவிடம் சொல்லிவிட்டாள். என்னிடம் சொல்லவில்லை. அம்மா என்னிடம் சொல்வாள் என்று அவளுக்குத் தெரியும்.

கிறிஸ்துமஸ் முடிந்த ஞாயிற்றுக்கிழமை மூன்று பேரும் அவர்கள் வீட்டுக்குப் போனோம். மாப்பிள்ளையின் அம்மாவுக்குக் கணீரென்ற குரல். அப்பா எல்லாவற்றுக்கும் தலையாட்டுகிறவர். அந்த அம்மா ஒயின் போடுவதில் அந்தப் பக்கத்தில் பேர் வாங்கினவர். ஃபாதரே கேட்டு வாங்கிக்கொண்டு போவாராம். கிண்டுவதற்கு முன்னால் ஒரு பரலோக மந்திரம் சொல்வாராம். எனக்கு ஒயின் ருசி தெரியும் என்பதை உபதேசியார் முன்னாலேயே போய் ஓதியிருக்கிறார். அதனால் கேக், முறுக்கு, அதிரசம் எல்லாம் வந்த பிறகு, எனக்கு மட்டும் தனித் தட்டில் தனி கிளாஸ் வந்தது. எல்லோரும் என்னையே பார்த்தார்கள்.

சுற்றவில்லை. வரும் வழியிலேயே மனைவி அதற்குத் தடை போட்டிருந்தாள்.

ஒரு வாய் குடித்தேன். இரண்டாவது வாய் குடித்தேன். திராட்சை தெரிந்தது, பட்டை தெரிந்தது, எதுவும் எதையும் மிஞ்சவில்லை. எத்தனையோ வருசமாக வீடு வீடாகக் குடித்ததெல்லாம் இதற்குத்தான் என்று தோன்றியது. எனக்கு மனசு நிறைந்தால் தரையைப் பார்ப்பேன். பார்த்தேன். மூலையில் ஒரு டைல்ஸ் தூக்கிக்கொண்டிருந்தது.

“எப்புடிண்ணே இருக்கு?” என்று அந்த அம்மா கேட்டார்.

“குடிக்கலாம்” என்றேன்.

என் மனைவியின் முகம் மலர்ந்துவிட்டது. மகள் தலையைக் குனிந்து சிரித்தாள். எதிர்ப் பக்கத்தில் எல்லா முகமும் ஒரே நேரத்தில் இருண்டது.

“குடிக்கலாமா? வெசம் இல்லைங்கிறீங்களா?” என்றார் அந்த அம்மா.

என் மனைவி உடனே, இவுக அப்படிச் சொன்னாலே பெரிசு மதினி, எனக்கே ஒரே ஒரு தடவைதான் என்று அயிரை மீன் குழம்புக் கதையைத் தொடங்கினாள். அது உதவவில்லை. மூக்கைச் சுளித்துக்கொண்டு தரையைப் பார்த்ததை நாங்களும்தான் பார்த்தோம் என்றார் அந்த அம்மா. நான் சுளிக்கவில்லை. என் மூக்கே அப்படித்தான். அதையாவது சொல்லியிருக்கலாம். தூக்கிக்கொண்டிருந்த டைல்ஸைத்தான் பார்த்தேன் என்று சொல்ல வாய் வரைக்கும் வந்தது. நல்ல வேளை, மனைவி காலை மிதித்துவிட்டாள்.

தேதி பேசாமல் திரும்பினோம். பஸ்ஸில் ஒருவரும் என்னோடு பேசவில்லை. எனக்கு அது ஒன்றும் புதிதில்லை. ஆனால் அவர்கள் இரண்டு பேரும் தங்களுக்குள்ளும் பேசிக்கொள்ளவில்லை.

புது வருசம் வந்தது. அங்கிருந்து போன் வரவில்லை. உபதேசியார் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். ஒரு வாய் நல்ல வார்த்தை சொல்லத் தெரியாத வீட்டில் வளர்ந்த பெண் நம் வீட்டுக்கு வந்து எப்படி இருக்கும் என்று அந்த அம்மா யோசிக்கிறாராம். பையன் அம்மாவிடம் பேசிப் பார்த்திருக்கிறார். நீ சும்மா இரு என்று சொல்லிவிட்டாராம்.

அடுத்த லீவுக்கு மகள் வந்தாள். சரியாகச் சாப்பிடவில்லை. தட்டைக் கழுவி வைத்துவிட்டு என் பக்கத்தில் வந்து நின்றாள்.

“ஒரு நாலு வார்த்த கூடச் சொன்னா என்னப்பா?” என்றாள்.

அவள் என்னிடம் எதையும் கேட்கிற பிள்ளை இல்லை. சொல்கிறேன், போன் போடு என்றேன்.

என்ன சொல்வது என்பதில் தகராறு வந்தது. ஒயினைப் புகழ்கிறவர்கள் எப்படிப் பேசுகிறார்கள் என்று மகள் செல்போனில் தேடினாள். ஓக் மர வாசம், ஈர மண் வாசம், பழைய தோல் வாசம் என்றெல்லாம் இருந்தது. வாசித்துக் காட்டினாள்.

“ஒங்க ஒயின்ல மண்ணு வாசம் அடிக்குதுன்னு சொன்னா அந்தம்மா ஜாடியத் தூக்கி என் தலையில போட்ரும்” என்றேன்.

தோல் வாசத்தை என் மனைவியும் ஒப்புக்கொள்ளவில்லை. கடைசியில் அவளே ஒரு வாசகம் தயார் செய்தாள். அன்பான சம்பந்தியம்மா, தங்கள் கைப்பக்குவம் அமிர்தத்துக்கு ஒப்பானது, அன்று வயிறு சரியில்லாததால் நான் தவறாகப் பேசிவிட்டேன். அதை என்னைத் திருப்பித் திருப்பிச் சொல்ல வைத்தார்கள். வயிற்றுக்கு ஒன்றுமில்லையே என்றேன். அது இருக்கட்டும், சொல்லுங்கள் என்றாள்.

ஸ்பீக்கரில் போட்டார்கள். அந்த அம்மாவே எடுத்தார். சொல்லுங்கண்ணே என்றார். குரலில் ஈரமில்லை.

எனக்கு ‘அன்பான’ வரைக்கும் ஞாபகம் வந்தது. அதற்கு மேல் போகவில்லை. மனைவி வாயை அசைத்துக் காட்டினாள். அதுவும் புரியவில்லை. நாக்கில் அமிர்தம் வரவில்லை. அந்த ஒயின்தான் வந்தது.

“அண்ணே, இருக்கீங்களா?”

“இருக்கேன்” என்றேன். “அந்த ஒயினு இன்னும் இருக்கா?”

“எது?”

“அன்னைக்குக் குடுத்தது. இருந்தா எனக்கு ஒரு பாட்டில் வேணும்.”

மனைவி தலையில் அடித்துக்கொண்டாள். பெண்ணைக் கொடுக்கிறவன் மாப்பிள்ளை வீட்டில் வாய் விட்டு ஒன்றைக் கேட்பது எங்கள் பக்கம் வழக்கமில்லை. மானம் போகிற காரியம். தாகத்துக்குத் தண்ணீர்கூடக் கேட்டு வாங்காத மனுசன் போயும் போயும் இங்கேயா கேட்பீர்கள் என்று பின்னால் என்னைத் திட்டினாள். மகள் போனை அணைக்கக் கையை நீட்டினாள். நான் கொடுக்கவில்லை.

“எதுக்குண்ணே?” என்று கேட்டார் அந்த அம்மா.

“குடிக்கத்தான். அன்னைலேருந்து அதே நெனப்பாக் கெடக்கு.”

அவர் சிரிக்கிற சத்தம் கேட்டது. அதுவும் கணீரென்றுதான் இருந்தது. பின்னாலிருந்த கணவரைக் கூப்பிட்டு, இங்கே வாங்க, அண்ணனுக்கு ஒரு பாட்டில் வேணுமாம் என்றார். அவர் தலையாட்டியிருப்பார்.

“இத அன்னைக்கே கேட்டுருந்தா என்னண்ணே? வாங்க, வந்து எடுத்துக்கங்க. மதினியையும் கூட்டிட்டு வாங்க, தேதியையும் பேசிருவோம்.”

மகள் எழுந்து அடுப்படிக்குப் போனாள். கொஞ்ச நேரத்தில் தட்டில் சோறு போடுகிற சத்தம் கேட்டது.

அடுத்த ஞாயிறு போனோம். பூசுகிற கரணையையும் ஒரு பொட்டலம் சிமெண்டையும் பையில் போட்டு எடுத்துக்கொண்டு போனேன். தேதியை அவர்கள் பேசினார்கள். நான் மூலையில் தூக்கிக்கொண்டிருந்த டைல்ஸைப் பெயர்த்து ஒட்டினேன். மாப்பிள்ளை தண்ணீர் எடுத்துக் கொடுத்தார். தவக்காலத்தில் எங்களுக்குக் கல்யாணம் கிடையாது. அதனால் ஈஸ்டர் கழிந்து வைத்துக்கொள்வது என்று முடிவானது. கல்யாணத்துக்கென்று தனியாக ஒரு ஜாடி போடுவதாக அந்த அம்மா சொன்னார்.

மாப்பிள்ளை வீட்டார் எங்களிடம் நகை, வண்டி, பாத்திரம் என்று எதுவும் கேட்கவில்லை. இந்தக் கல்யாணத்தில் வாய் திறந்து கேட்டது பெண் வீடுதான். ஒரு பாட்டில் கேட்டோம். இரண்டாகக் கொடுத்தார்கள். இரண்டும் தவக்காலம் தொடங்குகிற சாம்பல் புதனுக்கு முன்பே தீர்ந்துவிட்டன.